காலிங் பெல் ரிமோட்டில் இருக்கும் குட்டி பேட்டரி.. கடையில் என்ன சொல்லி கேட்கணும்? சைஸ் மட்டும் பார்த்து வாங்கலாமா?

வயர் இல்லாத காலிங் பெல் திடீர்னு அடிக்கவில்லை. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி பேட்டரி. டிவி ரிமோட்டில் போடும் மெல்லிய பேட்டரியின் அதே தடிமன்தான், ஆனால் நீளம் குறைவு. மேலே இருந்த எழுத்தும் பாதி அழிந்துவிட்டது. கடையில் போய் 'சின்ன பேட்டரி' என்று கேட்டால் பட்டன் செல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

பெரும்பாலும் அது 23ஏ பேட்டரியாகத்தான் இருக்கும். கேட் ரிமோட், ஷட்டர் ரிமோட், பழைய கார் அலாரம் ரிமோட் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். ஆள் குட்டி என்றாலும் கொடுப்பது 12 வோல்ட். உள்ளே 1.5 வோல்ட் பட்டன் செல்கள் எட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அதுதான் ரகசியம்.

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால்தான் குழப்பமே. ஏ23, எம்என்21, எல்1028, எல்ஆர்வி08.. எல்லாம் ஒரே பேட்டரிதான். இதில் எல்1028 என்ற பெயரைக் கவனியுங்க. 10 மில்லிமீட்டர் தடிமன், 28 மில்லிமீட்டர் நீளம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. இதன் தம்பி 27ஏ. அதற்கு எல்828 என்று பெயர். அதுவும் 12 வோல்ட், நீளமும் கிட்டத்தட்ட அதே, ஆனால் தடிமன் 8 மில்லிமீட்டர்தான். எழுத்து அழிந்திருந்தால் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தாலே எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அளவை மட்டும் நம்பி வாங்கினால் சிக்கல். எல்ஆர்1 என்று ஒரு பேட்டரி இருக்கிறது. 12 மில்லிமீட்டர் தடிமன், 30 மில்லிமீட்டர் நீளம், பார்க்க 23ஏ மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் 1.5 வோல்ட். அது போட வேண்டிய இடத்தில் 23ஏ கொஞ்சம் லூஸாக உட்கார்ந்துவிடும். அப்படிப் போட்டால் எட்டு மடங்கு வோல்டேஜ் பாயும், கருவி அங்கேயே காலி. இதே கதைதான் 14500 என்ற ரீசார்ஜ் பேட்டரிக்கும். பென்சில் பேட்டரி சைஸ்தான், ஆனால் 3.7 வோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிடாதீங்க.

அதனால் பேட்டரி வைக்கும் குழியில் '12வி' என்று அச்சடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்க. பழைய பேட்டரியைக் கையோடு கடைக்கு எடுத்துட்டுப் போங்க. புதியதை வாங்கும்போது தேதியையும் பார்த்துடுங்க. அதிகம் விற்காத சரக்கு என்பதால் கடையில் நாள்பட்டுக் கிடந்திருக்கலாம்.

மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் மைனஸ். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்க. மாற்றிய பிறகு சுவிட்சில் லைட் எரிந்தும் பெல் அடிக்கவில்லை என்றால், கோளாறு வீட்டுக்குள் இருக்கும் பெல் பெட்டியில் இருக்கலாம்.

23ஏ-வை உரித்து உள்ளே இருக்கும் பட்டன் செல்லை எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.