காவிரிப் படுகையும் ஹைட்ரஜன் விவாதமும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நெல்வயலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன. நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுத்தது, அருகிலுள்ள பனங்குடியில் 1993இல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை வந்தது.

பெரிய மோதல் மீத்தேனால் எழுந்தது. 2010இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. இவ்வாயுவை எடுக்க நிலத்தடி நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் கடல்நீர் உள்ளே வரும் என உழவர்கள் அஞ்சினர். இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015இல் மாநில அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் போராட்டம் வெடித்தபின் 'ஹைட்ரோகார்பன்' என்ற சொல் டீக்கடை வரை பரவியது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. ஏற்கெனவே இயங்கிய கிணறுகளை அது தொடவில்லை.

அப்படியானால் வண்டி எதில் ஓடுவது? ஹைட்ரஜனை எரிகலத்தில் செலுத்தினால் புகை இல்லை, நீராவி மட்டுமே வெளிவரும். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025இல் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில்பெட்டி சோதிக்கப்பட்டது.

ஆனால் ஹைட்ரஜன் தோண்டி எடுக்கும் எரிபொருளன்று, வேறொன்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியது. உலகில் இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே, அதாவது மன்னார்குடி மறுத்த அதே மீத்தேனிலிருந்தே கிடைக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறும். தண்ணீரைப் பிரித்தும் எடுக்கலாம். கிலோவுக்கு 9 லிட்டர் நீர் போதும். ஒரு கிலோ நெல்லுக்கே ஆயிரம் லிட்டருக்கு மேல் பாய்ச்சும் ஊரில் அது பெரிய கணக்கில்லை. மின்சாரம்தான் பெரிது: கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்களவே சக்கரத்தைச் சேரும். மின்கலத்தில் சேமித்தால் முக்கால் பங்கு சேரும். நகரப் பேருந்துக்கும் இருசக்கர வண்டிக்கும் மின்கலமே ஏற்றது. ஹைட்ரஜனின் தேவை கனரகப் போக்குவரத்திலும், அதைவிட உரத் தொழிலிலும் இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் போடும் யூரியா ஹைட்ரஜன் இல்லாமல் உருவாவதில்லை.

இதற்கிடையே, வேளாண் மண்டலச் சட்டம் வந்த மறு ஆண்டே, 2021 பிப்ரவரியில், நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய சுத்திகரிப்பு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.