சீனக் கமக்காரனும் சீன அரசும்

ஒரு நாட்டின் அரசியலை அறிய விழைவோர் அந்நாட்டின் தலைநகரையே முதலில் நோக்குவர். ஆட்சியாளர் வரிசையையும், கட்சி மாநாடுகளையும், உடன்படிக்கைகளையும் ஆராய்வர். சீன தேசத்தைப் பொறுத்தவரையில் இம்முறை மட்டும் போதாது. அங்கே கமக்காரனுக்கும் அரசுக்கும் இடையே நிலவும் தொடர்பே அரசியல், பொருளாதாரம், வெளிநாட்டுறவு ஆகிய மூன்றுக்கும் அடிநிலையாய் அமைந்துள்ளது. அதனை வரலாற்று வழிநின்று ஈண்டு நோக்குவாம்.

ஆலைத் தொழிலாளரே புரட்சிக்கு முன்னணியில் நிற்பர் என மார்க்சு கருதினார். மாவோ சே துங்கோ நாட்டுப்புறக் குடியானவரை நம்பினார். 1949 ஒக்டோபர் 1இல் நிறுவப்பட்ட மக்கள் குடியரசு, 1950ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் நிலக்கிழாரின் காணிகளைப் பறித்துக் குடியானவர்க்குப் பகிர்ந்தளித்தது. ஆயினும் அவ்வுரிமை நீடிக்கவில்லை. 1953 முதல் தானியத்தை அரசே தான் குறித்த விலைக்குக் கொள்வனவு செய்தது. நகரத்தார்க்கு மலிவான உணவும், கைத்தொழிலுக்கு மூலதனமும் இவ்வழியிற் கிடைத்தன. 1958இல் வந்த குடிப்பதிவு விதிகள் கிராமத்தவர் அனுமதியின்றி நகரிற் குடியேறுவதைத் தடுத்தன. அவ்வாண்டிலேயே நாட்டுப்புறம் முழுவதும் ஏறத்தாழ 26,000 கொம்யூன்களாக ஒன்றுசேர்க்கப்பட்டது.

இதன் விளைவு கொடிது. மேலிடத்தை மகிழ்விக்க விரும்பிய அலுவலர் விளையாத நெல்லை விளைந்ததாக எழுதினர். அப்பொய்க் கணக்கின்படி அரசு தன் பங்கை அள்ளிச் சென்றது. உண்மையை எடுத்துரைத்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் 1959இல் பதவியிழந்தார். 1959 முதல் 1961 வரை நிலவிய பஞ்சத்தில் மாண்டவர் தொகையை ஆய்வாளர் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை பலவாறாக மதிப்பிடுவர். குறை கூறுவார் வாய் அடைக்கப்பட்ட நாட்டில் கணக்கேடும் பொய்யுரைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

மாற்றமும் வயலிலிருந்தே எழுந்தது. 1978இன் இறுதியில், அன்குவெய் மாகாணத்துச் சியாவோகாங் என்னும் சிற்றூரில் 18 குடும்பத்தார் இரகசியமாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கைந்நாட்டு இட்டனர். கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பயிரிடுவோம். அரசின் பங்கைச் செலுத்துவோம். தலைவர்கள் சிறைப்பட்டால் அவர்தம் பிள்ளைகளை ஏனையோர் வளர்ப்போம் என்பதே அதன் சாரம். அம்மாகாணத் தலைவர் வான் லீ இத்தகைய முயற்சிகளை ஆதரித்தார். தெங் சியாவோபிங் தலைமையிற் கட்சி பின்னர் அதனை நாடெங்கும் ஏற்றது. 1978இல் ஏறத்தாழ 30 கோடி தொன்னாயிருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடி தொன்னாயிற்று. கொம்யூன்களும் மறைந்தன. சீர்திருத்தம் தெங்கின் கொடையே என்பாரும், குடியானவரின் ஆக்கமே என்பாரும் உளர். தொடங்கியவர் குடியானவர், தடை நீக்கியது கட்சி என்பதே பொருத்தமாம்.

ஆயினும் கட்சி தந்தது பயிரிடும் உரிமையேயன்றி நிலவுடைமையன்று. அரசியல் அதிகாரத்தை அது பகிரவேயில்லை. 1989இல் தியனன்மென் சதுக்கத்திற் சனநாயகம் வேண்டி நின்றோர் படைபலத்தால் அடக்கப்பட்டமை இதற்குச் சான்று.

வெளிநாட்டுறவையும் இவ்வொளியிற் காணலாம். 1952ஆம் ஆண்டு இறப்பர் - அரிசி உடன்படிக்கையின்படி இலங்கைக்கு வந்த அரிசி சீனக் கமக்காரன் விளைத்ததே. 1972இல் அமெரிக்க சனாதிபதி நிக்சன் பீக்கிங் சென்றதும், 1979இல் இருநாட்டுத் தூதுறவு மலர்ந்ததும் பிறநாட்டுச் சந்தைகளுக்கு வழி திறந்தன. 1980இற் செஞ்சென் முதலிய நான்கு நகரங்கள் சிறப்புப் பொருளாதார வலயங்களாயின. அங்கெழுந்த ஆலைகளில் உழைக்க வந்தோர் பெரும்பாலும் கிராமத்து இளைஞரும் பெண்களுமே. நகரில் உழைத்தும் நகரத்தாரின் உரிமைகளைக் குடிப்பதிவு அவர்க்கு மறுத்தது. அதனாற் கூலியும் மலிந்தது. 2001இல் உலக வர்த்தக நிறுவனத்திற் சேர்ந்த சீனம், 2010இல் யப்பானை விஞ்சி உலகின் இரண்டாம் பெரும் பொருளாதாரமாயிற்று. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகக் கமக்காரன் செலுத்திவந்த விவசாய வரி 2006இலேதான் ஒழிந்தது.

ஆகவே சீனத்தின் வலிமையை மதிப்பிடுவோர் வானளாவிய மாடங்களை மட்டும் எண்ணுதல் சாலாது. அவற்றுக்குக் கல் சுமந்தவனுக்கு அந்நகரில் உரிமையுண்டோ என்றும், அவன் குறையை அஞ்சாது கூற இடமுண்டோ என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களின் விடையிலேயே அந்நாட்டின் வருங்காலம் தங்கியுள்ளது.