தொற்றா, இணக்கமா? முகநூல் உணர்வுச் சோதனை: ஒரு மறுவாசிப்பு

இணையவழிப் பகிரப்படும் மகிழ்ச்சியும் துயரமும் படிப்பவர் மனத்தில் தொற்றிக்கொள்ளும் என்ற கருத்து, 2014 ஜூனில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த முகநூல் சோதனைக்குப் பின் நிறுவப்பட்ட உண்மையாகவே கையாளப்பட்டு வருகிறது. பயனரின் ஒப்புதல் குறித்த சர்ச்சையே முன்னின்றதால், அங்கே அளக்கப்பட்டது எது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அந்தத் தரவு சபை அறிந்து பேசும் இணக்கத்துக்கே சான்றாகிறது என்பது என் வாதம்.

2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பயனர்களிடம் இச்சோதனை நடத்தப்பட்டது. சிலருக்கு நண்பர்களின் நேர்மறைப் பதிவுகளும் வேறு சிலருக்கு எதிர்மறைப் பதிவுகளும் செய்தியோடையில் குறைக்கப்பட்டன; தனிச்செய்திகளில் கை வைக்கவில்லை. பதிவுகளைத் தரம் பிரித்ததும், பயனர் பின்னர் எழுதியவற்றை அளந்ததும் சொற்களை எண்ணும் ஒரே மென்பொருள். பட்டியலிலுள்ள சொல் ஒன்று வந்தாலே பதிவு அந்த வகையில் சேர்ந்துவிடும். 'நான் மகிழ்ச்சியாக இல்லை' என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் அது மகிழ்ச்சிக் கணக்கில்தான் ஏறும். கிடைத்த விளைவோ, சராசரியாக ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல் அளவிலான மாற்றம். மாதிரி பெரிது, பிழைகள் சமன்பட்டுவிடும் என்பார்கள். தற்செயல் பிழைகள் சமன்படலாம். எல்லோரும் ஒரே திசையில் கடைப்பிடிக்கும் பேச்சு ஒழுங்கு சமன்படாது.

ஆய்வாளர்களின் வலுவான வாதம் வேறு. நேர்மறைப் பதிவுகள் குறைந்தபோது பயனர்களின் நேர்மறைச் சொற்கள் குறைந்ததோடு எதிர்மறைச் சொற்களும் கூடின. வெறும் போலச்செய்தல் என்றால் இந்தக் குறுக்கு விளைவு ஏற்பட்டிருக்காது என்கிறார்கள். போலச்செய்தலை இது விலக்குகிறது என்பதை ஏற்கலாம், இணக்கத்தை விலக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர் சிரிப்பை அடக்குவதோடு நிற்பதில்லை, ஆறுதலாக இரண்டு வார்த்தையும் சொல்கிறார். ஒன்று குறைவதும் மற்றது கூடுவதும் ஒரே நடத்தையின் இரு பகுதிகள். அவர் உள்ளத்தில் எவ்வளவு துயரம் என்பதை அந்த வார்த்தைகளை எண்ணி அறிய முடியாது.

அதே கட்டுரை போகிறபோக்கில் தரும் இன்னொரு முடிவே எனக்கு முக்கியமாகப்படுகிறது. எந்த வகை உணர்வுப் பதிவைக் குறைத்தாலும் பயனர்கள் மொத்தத்தில் குறைவாக எழுதினார்கள். எதிர்மறைப் பதிவுகளைக் குறைத்தால் மனம் மலரும் என்று தொற்றுக் கொள்கை சொல்லலாம். பேச்சு ஏன் குறையவேண்டும் என்பதற்கு அதனிடம் நேரடியான விடை இல்லை. பதில் சொல்லத்தக்க பேச்சு குறைந்தது, அதனால் பதிலும் குறைந்தது என்று கொண்டால் இரு முடிவுகளும் பொருந்துகின்றன. இது ஒன்றே அறுதிச் சான்று என்று சொல்ல மாட்டேன். மனநிலையும் சொல்லும் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்ற மறுப்பு மட்டும் இங்கே செல்லாது: ஆயிரத்துக்கு ஒன்று என்ற மாற்றத்தை 'பெரும்பாலும்' தாங்காது.

கைப்பேசியில் உணர்வைப் பகிர்வது ஒருவரை நோக்கிச் செய்யும் செயல். யாருக்கு, எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எண்ணும் ஆய்வு, எத்தனை இலட்சம் பேரைச் சேர்த்தாலும் உணர்வை அளந்ததாகாது.