ஐம்பது லாக்குகளும் ஒருபக்கச் சோதனையும்: ஜெஃபர்சன் கடிதத்தின் மறுவாசிப்பு

1785 ஆகஸ்ட் 30 அன்று தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஜேக்கு எழுதிய கடிதத்தை, மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் விட்டுவைத்ததில்லை. பிரெஞ்சுத் துப்பாக்கிக் கைவினைஞர் ஓனோரே பிளாங்க் ஐம்பது துப்பாக்கி லாக்குகளை, அதாவது சுடும் பொறியமைப்புகளை, பிரித்து, உறுப்புகளைச் சிறு சிறு தடுப்பறைகளில் வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துச் சிலவற்றைத் தாமே பூட்டினார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. இதைத் துல்லிய உற்பத்தியின் தொடக்கம் என்று ஒரு சாரார் கொண்டாடினர்; விருந்தாளிக்கு நடத்திய கண்காட்சி என்று மறுசாரார் தள்ளினர். உறுப்புகள் எவ்வளவு துல்லியமானவை என்பதே இரு சாராரின் கேள்வியும். அதற்குக் கடிதத்தில் விடை இல்லை என்பது என் துணிபு. பிழை எந்தப் பக்கம் விழ அனுமதிக்கப்பட்டது என்று கேட்டால் அது வாய் திறக்கிறது.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். எத்தனை லாக்குகளைப் பூட்டினார் என்று கடிதம் சொல்லவில்லை. ஆறு என்று கொள்வோம். பத்து லாக்குகளுக்கு ஒன்று பொருந்தாத தரத்தில் உறுப்புகள் இருந்தாலும், ஆறும் தொடர்ந்து பொருந்திவிடும் வாய்ப்பு 53 விழுக்காடு. படைக்கலக் கிடங்கு ஏற்காத தரம், அந்த மேசையில் பாதிக்கு மேற்பட்ட தடவை தேறிவிடும்.

லாக்கின் அமைப்பைப் பார்த்தால் இதைவிட முக்கியமான ஒன்று தெரிகிறது. சக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் குதிரையோடு சேர்ந்து சுழலும் டம்ப்ளர், ஒருபுறம் லாக் தகட்டின் துளையிலும் மறுபுறம் பிரிடில் என்னும் சிறு பாலத்தின் துளையிலும் அமர்ந்திருக்கிறது. சியர் என்னும் நிறுத்து நெம்புகோலின் மூக்கு டம்ப்ளரின் வெட்டுகளில் விழுந்து குதிரையை அரைநிலையிலும் முழுநிலையிலும் நிறுத்துகிறது. டம்ப்ளரின் அச்சு தடித்திருந்தால் துளைக்குள் போகாது. பூட்டுபவரின் விரலே சொல்லிவிடும். மெலிந்திருந்தால் தாராளமாக நுழையும். முதன்மை வில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளி வைப்பதால் ஆட்டமும் எளிதில் தட்டுப்படாது. துளைகளின் மையத்தூரப் பிழையும் இந்த ஆட்டமும் கூடி, சியர் மூக்கு வெட்டில் முழுதாக இறங்காமல் விளிம்பில் தொற்றி நிற்கிறதா என்பது, துப்பாக்கி அடிபட்டு உழைத்த பிறகே வெளிவரும். கடிதத்திலோ சுட்டுப் பார்த்ததாக ஒரு சொல்லும் இல்லை.

ஆக, ஜெஃபர்சன் செய்தது ஒருபக்கச் சோதனை. பட்டறை வழக்கில் சொன்னால் அவர் கை, நுழைகிறதா என்று பார்க்கும் 'கோ' கேஜாக இருந்தது. நுழையக் கூடாததைப் பார்க்கும் 'நோ கோ' கேஜ் அங்கே இல்லை. டைட்டான உறுப்பு பிடிபட்டிருக்கும், லூஸான உறுப்பு தப்பியிருக்கும். இடைவெளியை முன்கூட்டியே கணித்து ஒதுக்கிய ஒருவர் இந்தச் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஒருமுறை பூட்டிப் பிரித்த லாக்குகள்தானே, அரத்தால் ராவிச் சரிசெய்திருக்கலாமே என்பார்கள். ஒரு துணைக்கென்று ராவியது அந்தத் துணைக்கே சேரும். ஐம்பதைக் கலந்தால் குட்டு உடையும். பொது மாதிரிக்கு ராவியிருந்தால் பிளாங்க் சொன்னதும் அதையேதான்.

வேண்டுமென்றே இடைவெளி விடும் எண்ணம் அக்காலத்துக்கு எட்டாதது என்பது சற்றுக் கனமான மறுப்பு. ஆனால் பிரெஞ்சுப் பீரங்கிப்படையில் குண்டுகளை இரண்டு வளையங்களால் சோதித்தார்கள்: பெரியதில் நுழைய வேண்டும், சிறியதில் நுழையக் கூடாது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி அவர்களுக்கு அன்றாட விவகாரம். பிளாங்க்குக்கு ஆதரவளித்த கிரிபோவால் அந்தப் படையின் தலைமை ஆய்வாளர். வளையத்திலிருந்து லாக்குக்கு அந்தச் சிந்தனை நகர்ந்தது என்று கடிதம் நிறுவவில்லை. நகரவே இல்லை என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

அதே கடிதத்தின் விலைக் குறிப்பைப் பெரும்பாலோர் அடிக்குறிப்பில் கழித்துவிட்டனர். துப்பாக்கியை வழக்கமான விலையைவிட இரண்டு லிவர் குறைவாகத் தர முடியுமென்று பிளாங்க் நினைக்கிறார். எல்லா உறுப்பையும் மயிரிழை துல்லியத்துக்கு இழுப்பவர் டாலரன்ஸை, அதாவது அனுமதிக்கும் பிழை வரம்பை, இறுக்குகிறார். அரவேலையும் கழிவும் ஏறும், விலையும் ஏறும். வேலையைக் குறைத்தது தம் கருவிகள் என்பது பிளாங்க்கின் விளக்கம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் தேய்த்துச் சரிக்கட்டும் வேலை மிஞ்சியிருந்தால், எந்தக் கருவியாலும் அந்த இரண்டு லிவர் மிஞ்சாது.