தேயிலை போன பாலமும் இரும்பின் களைப்பும்

மடுல்சீமைத் தோட்டங்களின் தேயிலை பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி, அங்கேயே புகையிரதம் ஏறும் வழி 1924இல்தான் திறந்தது; 1894இல் பண்டாரவளையை எட்டிய இருப்புப் பாதை எஞ்சிய மலையைக் கடக்க முப்பது ஆண்டுகள் எடுத்தது. அந்தப் பகுதியில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தில் சுமை ஏறும்போது கற்கள் ஒன்றையொன்று நெருக்குமேயன்றிப் பெரிதும் இழுபடுவதில்லை என்பதால், உலோகக் களைப்பு எனும் நோய் அதற்கில்லை. ஆனால் கொழும்பை அடையுமுன் அதே தேயிலை களனி கங்கையை இரும்புப் பாலத்தின் மீதே கடந்தது.

ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமை பல இலட்சம் தடவை ஏறி இறங்குவதால், தறையாணித் துளையோரம் போன்ற இடங்களில் நுண்விரிசல் தோன்றி, மெல்ல நீண்டு, முடிவில் உறுப்பைச் சடுதியாக முறிப்பதே உலோகக் களைப்பாகும். ஜெர்மானியப் பொறியியலாளர் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிரத அச்சுகளைச் சோதித்து, தகைப்பு எனப்படும் உள்விசைச் செறிவு கூடக் கூட, தாங்கும் சுற்றுகள் குறைவதைக் காட்டினார். பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல் சுவீடனின் பால்ம்கிரென் குண்டுத் தாங்கிகளுக்காக முன்வைத்து, 1945இல் அமெரிக்கரான மைனர் பொதுமைப்படுத்திய விதி, ஒவ்வொரு சுமையும் ஆயுளில் தின்ற பங்கைக் கூட்டி, கூட்டுத்தொகை ஒன்றாகும்போது ஆயுள் முடிந்ததெனக் கொள்கிறது. தோட்டத்துச் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் வேலை நாட்கள் கூட்டப்படுவதைப் போன்ற இக்கணக்கு, எந்தச் சுமை முந்தியது, எது பிந்தியது என்று கேட்பதில்லை.

மற்றொரு மரபு விரிசலையே அளக்கிறது. ஒன்பது வளைவுப் பாலம் முடிந்த 1921இல் கிரிஃபித் கண்ணாடியின் முறிவை ஆராய்ந்து இட்ட அடித்தளத்தின் மேல், 1960களின் தொடக்கத்தில் பால் பாரிஸ், ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு விதி கண்டார். முன்னணி ஆய்விதழ்கள் அவரது முதற்கட்டுரையை ஏற்க மறுத்தன என்பது இத்துறையின் வரலாற்றுக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவ்விதிப்படி விரிசலின் வளர்ச்சி தகைப்பு வீச்சின் ஓர் அடுக்காக ஏறும்; உருக்கில் அந்த அடுக்கு ஏறத்தாழ 3 ஆகையால், தகைப்பு வீச்சு இருமடங்கானால் விரிசல் எட்டு மடங்கு வேகத்தில் வளரும். அடுத்த பரிசோதனையை எப்போது செய்வதென்ற கேள்விக்கு மைனரின் விதியைவிட இதுவே பொருத்தமானது. எனினும் தொடக்க விரிசலின் நீளம் தெரிந்தாக வேண்டும். பழைய பாலத்திலோ அது தறையாணித் தலைக்கடியில் மறைந்திருக்கும், அந்த நீளத்தை ஊகித்துக்கொள்வதே விடையைப் பெரிதும் தீர்மானித்துவிடும்.

சுமைகளின் வரிசையில்தான் சிக்கல் முற்றுகிறது. பாரச்சுமை முந்தி, இலேசானது பிந்தினால், விரிசலற்ற உலோகம் மைனரின் கணக்குக்கு முன்பே தோற்பதுண்டு. ஆனால் ஏற்கெனவே விரிசல் கண்ட உலோகத்தில், வீலர் 1972இல் கணக்கிட்டுக் காட்டியபடி, ஒரு மிகைச்சுமை விரிசல் முனையைச் சூழ்ந்த பகுதியை நிலையாக உருக்குலைத்து, பின்வரும் வளர்ச்சியைச் சிலகாலம் தாமதப்படுத்துகிறது. பேராதனைப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள், 1885இல் தேனிரும்பால் கட்டப்பட்ட, ஆறு கண்களும் 160 மீற்றர் நீளமும் கொண்ட இலங்கைப் புகையிரதப் பாலமொன்றின் எஞ்சிய ஆயுளை, வரிசையையும் கணக்கில் எடுக்கும் விதியால் மதிப்பிட்டு 2008இல் வெளியிட்டனர். அத்தகைய விதிக்குப் பாலம் சுமந்த சுமைகளின் வரலாறு வேண்டும். இன்றைய ரயில் ஏற்படுத்தும் விகாரம் எனும் நுண் உருமாற்றத்தைப் பாலத்தில் ஒட்டிய மானியால் அளந்துவிடலாம். நீராவி எஞ்சின் காலத்துச் சுமைக்கோ பழைய நேர அட்டவணைகளையும் எஞ்சின்களின் அச்சுப் பாரப் பதிவுகளையும் விட்டால் வேறு சான்றில்லை.