பதினொரு மாதமும் ஒன்பது ஆண்டும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடை பிடிக்கிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம்தான். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் பிடியையும் தவிர்க்க நாடு முழுக்கப் பழகிவிட்ட வழி இது. அட்வான்ஸ் கொடுத்து, அலமாரி அடித்து, ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டு, நாலு தெரு ஜனங்களுக்கு முகம் பழகுவதற்குள் கெடு வந்துவிடும். அப்புறம் வாடகையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நியாய வாடகை கேட்டு வழக்குப் போட 1969ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழிவிடுகிறது. பெட்டிக்கடை வைத்திருப்பவர் கடையை அடைத்துவிட்டு வாய்தாவுக்கு அலைய முடியுமா?

பாரிஸில் அதே அளவு மளிகைக் கடைக்கு ஒன்பது ஆண்டுக் குத்தகை. மூன்றாண்டுக்கு ஒருமுறை, வேண்டுமானால் கடைக்காரர் விலகிக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டு முடிந்ததும் தக்க காரணமின்றிப் புதுப்பிக்க மறுத்தால், கடைக்காரர் இழக்கும் வியாபாரத்துக்குக் கட்டட உரிமையாளர் ஈடு தர வேண்டும். பல வருடம் உழைத்துச் சேர்த்த வாடிக்கையைச் சொத்தாகவே அந்தச் சட்டம் மதிக்கிறது. இதற்கு அடிப்படையான ஆணை 1953 செப்டம்பர் 30 தேதியிட்டது. அன்றைக்குப் புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. முதலியார்பேட்டை தனி கொம்யூன், அதாவது தனி உள்ளாட்சி; அதற்குத் தனி மேயர். மறு ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. நாம் விடுதலை பெற்றதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனாலும் கடைக்காரருக்கான அந்தப் பாதுகாப்பை நாமாகவே ஒரு சட்டமாக எழுதிக்கொண்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இடம் நிலைத்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வர வேண்டும். முதலியார்பேட்டையில், ஊர் இன்னும் ரோடியர் மில் என்றே சொல்கிற ஏ.எஃப்.டி. ஆலை 1898இல் தொடங்கியது. டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, மளிகை எல்லாம் ஷிப்டு விட்டு வருகிற கூட்டத்தை நம்பி எழுந்தவை. மளிகைக்காரரிடம் ஒரு நோட்டு, வாங்குகிறவர் வீட்டில் ஒரு நோட்டு. அரிசி, புளி, மண்ணெண்ணெய் என்று இரண்டிலும் ஒரே வரி ஏறும், சம்பளத்தன்று கணக்கு நேராகும். வட்டியில்லாத அந்தக் கடனுக்கு ஈடாக நின்றது ஆலையின் சம்பளத் தேதிதான். 2011 டிசம்பர் கடைசியில் வீசிய தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கின் நடுவே, அது ஒரேயடியாக மூடப்பட்டது. தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகை பற்றியாவது பேச்சு நடந்தது. நோட்டில் நின்றுபோன பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாரிஸின் பதினொன்றாம் வட்டாரத்தில் செதேன், பொப்பேன்கூர் தெருக்களுக்கு வந்த சிக்கல் வேறு வகை. அங்கே துணி மொத்த வியாபாரம் ஒவ்வொரு கடையாக விழுங்கி, ரொட்டிக்கடையும் கறிக்கடையும் இல்லாத தெருக்களாக்கிவிட்டது. 2004இல் அந்நகர மன்றம் ‘விட்டால் கார்த்தியே’ என்ற திட்டத்தில் செமாஎஸ்ட் என்ற தன் நிறுவனத்தை இறக்கியது. விற்பனைக்கு வரும் கடையை மற்றவர்களுக்கு முன்னால் வாங்கும் உரிமை அதற்குத் தரப்பட்டது. வாங்கிய கடையைச் செப்பனிட்டு, தெருவில் எந்தத் தொழில் இல்லையோ அதற்கு வாடகைக்கு விட்டார்கள். லத்தீன் கார்த்தியே பகுதியில் புத்தகக் கடைகளையும் இப்படித் தாங்கினார்கள். குறிப்பிட்ட தெருக்களில் தரைத்தளக் கடையைக் குடியிருப்பாக மாற்றக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு நகரத் திட்டம் தடுத்தது.

ஒரு விஷயத்தில் நம் சட்டம் மேல். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மரப்பாலம் சந்திப்பில் கூடை இறக்கும் பூக்காரம்மாவுக்குத் தாளில் இவ்வளவு உரிமை இருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000 என்று கடனும் வந்தது. கடன் சரக்கு வாங்க உதவும், நிற்கிற இடத்தை அது காக்காது. புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டை ஸ்மார்ட் சிட்டி பணத்தில் இடித்துக் கட்டத் திட்டமிட்டபோது, மொத்தமாக வெளியேற வியாபாரிகள் மறுத்ததும் இந்த அச்சத்தால்தான்.

செமாஎஸ்ட்டின் பின்னால் ஓட்டு வாங்கி வந்த ஒரு மன்றம் இருந்தது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்ததும் நகராட்சி அதிகாரிகள் கைக்குப் போனது. எந்தத் தெருவில் எந்தக் கடை இல்லை என்று மன்றத்தில் எழுந்து சொல்ல முதலியார்பேட்டைக்குக் கவுன்சிலர் இல்லாமல் போனார்.

பாரிஸ் பணம் கொட்டிக் கடை வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஆலை நிலம் அரசிடமே இருக்கிறது. 2024இல் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது ஏ.எஃப்.டி. திடலிலிருந்து பஸ்கள் கிளம்பின. ஆள் நடமாட்டம் இருந்தால் வியாபாரம் நடக்கும் இடம்தான் அது. கடலூர் சாலையைப் பார்த்த முகப்பில் ஒரு வரிசைக் கடை கட்டி, சுற்றுவட்டாரச் சிறுவணிகருக்கும் பழைய மில் குடும்பங்களுக்கும் ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். வாடகை எப்படி ஏறும் என்பதைக் குத்தகையிலேயே எழுதி, பதிவும் செய்து கொடுக்கலாம்.