அவையோரின் தீர்ப்பு

அவையில் அமர்ந்திருப்போர் கேட்பவராக மட்டும் இருப்பதா, கருத்தளிப்பவராகவும் விளங்குவதா? இந்நாளில் கருத்தரங்கின் இடையே ஒரு வினாவைத் திரையில் காட்டுகின்றனர். அவையோர் கைப்பேசி வழியே விடையளிக்கின்றனர். எத்தனை பேர் எப்பக்கம் என்பது அப்பொழுதே தெரிந்துவிடுகிறது. கருவி புதிது, வினாவோ பழையது. சேது நாட்டு இலக்கிய அவைகள் அதற்குக் காலந்தோறும் விடை கண்டுள்ளன.

முதலாவது அரசவை. 17ஆம் நூற்றாண்டில் அமிர்தகவிராயர் ‘நாணிக்கண் புதைத்தல்’ என்னும் ஒரே துறையில் 400 செய்யுள் யாத்து, இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கி ‘ஒருதுறைக் கோவை’ பாடினார். புரவலர் முன் பாடும் அவையில் புரவலரின் மகிழ்ச்சியே தீர்ப்பு. பிறர் மாறுபட்டுரைக்கத் துணிவது அரிது.

இரண்டாவது அவதானம். ‘அட்டாவதானம்’ என்னும் அடைமொழியோடு அறியப்படும் சரவணப்பெருமாள் கவிராயர் சேதுபதிகளின் ஆதரவு பெற்றவர். கேட்போர் பங்குபெறாமல் அவதானம் நிகழாது. ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்கு வினவுவார். மற்றொருவர் முதுகில் சிறுகல் எறிவார். எறிந்த கற்களின் எண்ணிக்கையை அவதானி இறுதியில் சொல்லியாக வேண்டும். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியபோதும் அவையோரே தேர்வாளர். எனினும் வினவும் வாய்ப்பு ஒரு சிலர்க்கே கிட்டியது.

மூன்றாவது பட்டிமன்றம். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பட்டிமண்டபத்தைக் குறிக்கின்றன. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி, அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அம்மாவட்டத்திலேயே அமைந்திருந்த குன்றக்குடியின் அடிகளார் பட்டிமன்றத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். ஆயினும் தீர்ப்பு நடுவருடையது. அவையோரின் கைதட்டல் செவியில் விழுந்தது, எண்ணப்படவில்லை.

ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தில் வழக்கம் வேறு. ‘அரசர்க்காகவும் நாட்டுக்காகவும் போரிடோம்’ என்னும் பொருள்பட்ட தீர்மானம் 1933இல் அங்கு விவாதிக்கப்பட்டது. ஆதரவாக 275 பேரும் எதிராக 153 பேரும் வாக்களித்தனர். எண்ணிக்கை வெளிப்பட்டதால் நாடே பரபரப்புற்றது.

உத்திரமேரூர்க் குடவோலையை இம்முறையின் முன்னோடி என்பாரும் உளர். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டுவது தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறை. அது குலுக்கலே, கருத்தெண்ணிக்கை அன்று. முன்னோர் பெருமை பேசும்பொழுதும் இவ்வேறுபாட்டை மறைத்தலாகாது.

பெயர் வெளிப்படாத வாக்கெடுப்பில் ஒரு நன்மை உண்டு. மூத்தோர் நிறைந்த அவையில் கையுயர்த்த நாணும் இளங்கவிஞரும் தம் உள்ளத்தைத் தயங்காது தெரிவிப்பர். குறையும் உண்டு. எண்ணிக்கை காரணத்தைச் சொல்லாது. கவிதையின் தரத்தை விழுக்காட்டால் அளக்கவும் இயலாது. எனவே வாதத்திற்கு முன்னும் பின்னும் அவையின் கருத்தைக் கேட்டு, எத்தனை உள்ளங்கள் மாறின என்று காண்பதே தக்கது. பின்னர் இருபக்கத்தாரையும் அழைத்து, ‘ஏன்?’ என்று வினவ வேண்டும். அங்கே அவதான அவையின் வினவுநர் மீண்டும் எழுவார்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: கைதட்டும் கூட்டத்தால் விழா சிறக்கும், கருத்துரைக்கும் அவையால்தான் இலக்கியம் வளரும்.